மதில் காப்போர்க்கு மதிப்பெண் என்ன?

தொல்காப்பியனார் புறத்திணையை ஏழாக வகுத்தார். பகைவனது மதிலை வளைத்துப் பொருதலை உழிஞை என்றார். அம்மதிலை உள்ளிருந்து காத்து நிற்றலுக்கோ தனித்திணை அளித்தாரல்லர். உழிஞையின் உள்ளேயே அதனையும் அடக்கி அமைந்தார். பன்னிருபடலத்தின் வழிநின்ற ஐயனாரிதனார்தாம் புறப்பொருள் வெண்பாமாலையிலே நொச்சிப் படலம் எனத் தனிப்படலம் ஒன்று வகுத்துக் காப்போர்க்கும் ஓர் ஆசனம் இட்டார். முப்பது ஆண்டுகளாக இப்பகுதியைப் பாடஞ்சொல்லி வருகிறேன். "வளைத்தவனுக்குத் திணை உண்டு, காத்தவனுக்கு இல்லையா, ஐயா?" என்று ஆண்டுதோறும் ஒரு மாணாக்கனாவது கேளாதிருப்பதில்லை. இருவர் தொழிலும் ஒரு மதிலையே பற்றி நிகழ்தலின் ஒன்றாய் அடங்கின என்று விடை கூறி மேற்செல்வது என் வழக்கம். அதே வினா பனிமூடிய ரொறன்ரோ நகரிலிருந்து, பேஸ்போல் என்னும் விளையாட்டின் வடிவிலே, தொலைபேசி வழியாக வந்து என்னை மடக்குமென்று யான் எண்ணியதேயில்லை.

என் தமக்கையின் மகன் சிறுவயதிலேயே கனடா சென்று, நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ஸ்காபரோவிலே வளர்ந்தவன். அவனுடைய மகன் பல்கலைக்கழகத்திற் புள்ளிவிபரவியல் பயில்கிறான். தந்தைக்கும் மகனுக்கும் பொதுவான செல்வம் ரொறன்ரோ புளூ ஜேஸ் என்னும் அணி. 1992ஆம், 1993ஆம் ஆண்டுகளில் அவ்வணி உலகத் தொடரை அடுத்தடுத்து வென்றபோது என் மருமகன் பள்ளிச் சிறுவன். 1993 ஒக்ரோபர் 23ஆந் திகதி ஜோ காட்டர் அடித்த ஒரே அடியில், பந்து வேலிக்கு அப்பால் வீழ்ந்து தொடர் முடிந்த காட்சி அவன் நெஞ்சிற் கல்லில் எழுத்தாய்ப் பதிந்துவிட்டது. ஆகவே அவன் உழிஞைக் கட்சி. மகனோ கணக்கைக் கையில் ஏந்திய நொச்சிக் கட்சி. 2022ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் இருவர் வாதமும் முற்றிச் சமையலறையிலும் பேச்சு நின்றுபோக, "மாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று ஒருவனும், "தாத்தா, முதலில் என் கணக்கைக் கேளுங்கள்" என்று மற்றவனுமாக வழக்கு என்னிடம் வந்தது.

ஆட்டத்தை அறியாத வாசகர்க்கு இரண்டொரு சொல். அணிக்கு ஒன்பதின்மர். ஒருவர் எறிய, எதிரணியார் ஒருவர்பின் ஒருவராக உருளைத் துடுப்பால் அடித்து, நான்கு தளங்களைச் சுற்றி ஓடி ஓட்டம் பெறுவர். மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை. ஆகவே ஓர் ஆட்டத்தில் ஓரணிக்குரிய செல்வம் இருபத்தேழு ஆட்டமிழப்புக்களே. பந்து வேலியைத் தாண்டினால் அது ஹோம் ரன். அதனைத் தடுக்க எவராலும் ஆகாது, வேலியோரத்திற் பாய்ந்து பறிக்கும் சிலரைத் தவிர. தாண்டாமற் களத்துக்குள் வீழும் பந்துக்கெல்லாம் களத்தடுப்பாளரே பொறுப்பு. கிறிக்கெற் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்காததன்று. நான்கு ஓட்டங்களைத் தடுத்தவனும் நான்கு ஓட்டங்களை அடித்தவனும் அணிக்கு ஒரே அளவு உதவியவரேயாயினும், மறுநாட் பத்திரிகையில் அடித்தவன் பெயரே நிற்கும்.

அங்கே ஆட்டம் வேனிலிலும் கூதிரின் தொடக்கத்திலுந்தான். நவம்பர் முதல் பெப்ரவரி வரை மைதானங்கள் உறங்கும். ஆயின் அணிகளின் வாணிகம் அப்பொழுதுதான் விழிக்கும். இன்னாரைக் கொடுத்து இன்னாரை வாங்குவதென்று அணி முகாமையாளர் பேரம் பேச, ஊரார் அதனைப் பற்றி வழக்காடுவர். இம்மாரிகால வழக்காட்டுக்கு அந்நாட்டார் இட்டிருக்கும் பெயர் மிக இனியது: சூட்டடுப்புக் கழகம் என்று அதனைத் தமிழ்ப்படுத்தலாம். முற்காலத்திற் சிற்றூர்க் கடைகளிலே கணகணக்கும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து, பனி பெய்யுங்காலம் முழுவதும் வரப்போகும் பருவத்தின் ஆட்டத்தைப் பேசியே தீர்த்தார்களாம். நம் திண்ணைக்கு நெருப்பு வைத்தாற்போல என்க.

வீரரை மாற்றிக்கொள்ளும் இம்முறையைக் கேள்வியுற்றபோது எனக்கு முதலில் உவப்பு உண்டாகவில்லை. மாட்டுக்கு மாடு மாற்றுவதுபோல ஆளுக்கு ஆளா? மார்கழி விடுமுறையில், வந்து சேருமோ சேராதோ என்று இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்துத் தபாற்காரன் மணியோசைக்குச் செவிசாய்த்திருந்த ஆசிரியர் நம்மிடையே எத்தனை பேர்! ஆயினும் நம்மை மாற்றுகையில் எதிர்ப்பக்கத்தில் யாரைப் பெற்றார்கள் என்று எவரும் ஏட்டில் எழுதுவதில்லை. அது ஓர் ஆறுதல்.

இதனை எதிர்த்து நின்ற ஒருவரை அவ்விளையாட்டின் வரலாறு மறக்கவில்லை. கேட் பிளட் என்பவர் சென் லூயிஸ் அணியின் மத்தியகளக் காவலர். 1963 தொட்டு 1969 வரை ஏழாண்டும் இடையறாது தங்கக் கையுறை விருது பெற்றவர். 1969இல் அவரைக் கேளாமலே பிலடெல்பியாவுக்குக் கைமாற்றினர். தாம் வாங்கவும் விற்கவும் படும் பொருளல்லர் என்று ஆட்ட ஆணையாளர்க்கு எழுதி, வழக்குத் தொடுத்தார். 1972இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐவர்க்கு மூவராக அவருக்கு எதிரே தீர்ப்பளித்தது. அவர் வாழ்வு அதனோடு சாய்ந்தது. ஆனால் அவர் திறந்த வழியிலே 1975இன் இறுதியில் ஒரு நடுவர் தீர்ப்பு வந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பிய அணியிற் சேரும் உரிமை பெற்றனர். பத்தாண்டு ஆடி, அவற்றுட் கடைசி ஐந்தாண்டை ஒரே அணியிற் கழித்தவரை அவர் இசைவின்றி மாற்றலாகாது என்னும் விதியும் 1973 முதல் உண்டு. இளைஞர்க்கு அக்காப்பு இல்லை.

இனி வழக்கின் மூலத்துக்கு வருவோம். 2022 ஒக்ரோபர் 8ஆந் திகதி. ரொறன்ரோவில், சியாற்றில் அணிக்கெதிரே வெளியேற்று ஆட்டம். புளூ ஜேஸ் ஒரு கட்டத்தில் எட்டுக்கு ஒன்று என முன்னின்றது. பின்னர் அம்முன்னிலை கரைந்து, எட்டாம் முறையில் ஒன்பதுக்கு ஆறு என்று நிற்கையில், தளங்கள் மூன்றும் நிரம்பியிருக்க, எதிரணியார் ஒருவர் அடித்த மெல்லிய பந்து மத்தியகளத்தின் முன்புறத்திலே வீழ வந்தது. பின்னோக்கி ஓடினார் போ பிஷெட். முன்னோக்கிப் பாய்ந்தார் ஜோர்ஜ் ஸ்பிறிங்கர். இருவரும் மோதி வீழ்ந்தனர், பந்தும் வீழ்ந்தது, மூவரும் ஓடி வந்து சேர்ந்தனர். ஸ்பிறிங்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இறுதியில் ஒன்பதுக்குப் பத்து என்று தோல்வி. இன்றும் அவ்வூரிலே அந்நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் மருமகன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

அம்மாரியிலே முகாமையார் செய்தவை மூன்று. நவம்பர் 16ஆந் திகதி, முந்திய பருவத்தில் 25 ஹோம் ரன் அடித்த தெயோஸ்கார் எர்னாண்டஸைச் சியாற்றிலுக்கே, எவரிடம் தோற்றார்களோ அவர்களுக்கே, கொடுத்துவிட்டு, எரிக் சுவான்சன் என்னும் எறிவாளரையும் அடாம் மாக்கோ என்னும் இளைஞரையும் பெற்றனர். டிசம்பரில் மத்தியகளக் காவலிற் பெயர்பெற்ற கெவின் கீர்மயரை ஒப்பந்தஞ் செய்தனர். டிசம்பர் 23ஆந் திகதி, லூர்டெஸ் குரியேல் என்னும் இடதுகள வீரரையும், கேப்ரியல் மொரேனோ என்னும் வருங்கால நம்பிக்கையான இளம் பந்தேற்பவரையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, டோல்ரன் வார்ஷோ என்பவரை வாங்கினர். வார்ஷோ அப்பருவத்தில் 27 ஹோம் ரன் அடித்தவராயினும் நூறு வாய்ப்பில் இருபத்துமூன்றோ இருபத்துநான்கோதான் அடிபெறுபவர். அவரது சிறப்பு ஓட்டத்திலும் கையுறையிலும். தந்தையார் தம் அணித்தோழரான டரன் டோல்ரன் என்னும் பந்தேற்பவர்மீது கொண்ட அன்பினால் மகனுக்கு அப்பெயரிட்டாராம். மகனும் பந்தேற்பவராகவே தொடங்கிப் பின்னர் வெளிக்களத்துக்குப் பெயர்ந்தவர். ஸ்பிறிங்கர் மத்தியகளத்தை விட்டு வலதுகளத்துக்கு அனுப்பப்பட்டார்.

"இரண்டு துடுப்பையும் ஒரு முத்தையும் கொடுத்து இரண்டு கையுறை வாங்கினார்கள்" என்றான் என் மருமகன். அவன் சினத்தில் ஆட்டக் கணக்கைக் கடந்த ஒன்றும் இருந்தது. குரியேல், 2016இல் தமையனாரோடு கியூபாவை நீங்கி வந்தவர். அந்நியக் குளிரில், அந்நிய மொழியில் வேரூன்றி, ரொறன்ரோ மக்களின் அன்பைப் பெற்றவர். "வேரோடு பிடுங்கி வந்தவனை மறுபடியும் பிடுங்குகிறார்களே, மாமா" என்று அவன் சொல்லும்போது யாரைப் பற்றிச் சொல்கிறான் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மகனுடைய வாதம் வேறு. அதனைக் கேட்ட அன்றுதான் இலக்கண ஆசிரியனாகிய எனக்கு இவ்விளையாட்டின்மேல் உண்மையான ஈடுபாடு பிறந்தது. களத்தடுப்பாளன் தவறினால் அதனை வழு என்று மதிப்பேட்டிற் குறிக்கும் முறை அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. இங்கிலாந்திற் பிறந்து, கிறிக்கெற் செய்தியாளராய்த் தொழில் தொடங்கி, அமெரிக்க ஆட்டத்தின் மதிப்பேட்டை உருவாக்கியவருள் முதல்வரான ஹென்றி சட்விக் என்னும் பெரியார் காலந்தொட்டு வந்த வழக்கு அது. நூறு வாய்ப்பில் எத்தனை வழு என்று கணக்கிட்டு, வழுக் குறைந்தவனே சிறந்த காவலன் என்று நெடுங்காலம் தீர்ப்பளித்தார்கள். இதிலே பெரிய ஓட்டை ஒன்று உண்டு. கைக்கு எட்டிய பந்தை நழுவவிட்டால் வழு. எட்டாத பந்துக்கு வழு இல்லை. ஆகவே மெல்ல நடப்பவன் பந்தண்டை போகமாட்டான், வழுவும் பெறமாட்டான். விரைந்தோடி விரல்நுனியில் தொட்டு நழுவவிட்டவனுக்கே வழு. எழுதாதவனுக்கு எழுத்துப்பிழை ஏது?

முன்சொன்ன கேட் பிளட்டையே எடுத்துக்கொள்வோம். 1968ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்திலே, தம்மை நோக்கி வந்த பந்தைப் பிழையாகக் கணித்து முதலில் முன்னே அடியெடுத்து வைத்து, பின் திரும்பி ஓடுகையில் அது தலைக்குமேற் போயிற்று. தொடரே போயிற்று. மதிப்பேடோ அதனை வழுவென்று குறிக்கவில்லை. அடித்தவர்க்கு மும்மைத்தள அடி என்று புகழாய் எழுதியது. நம் இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டன்றோ? அங்கும் உண்டு, ஆனால் அதற்கு அவர்கள் நூற்பா வகுக்கவில்லை.

விருதளிப்போர் மட்டும் இதற்கு மேற்பட்டவரா? தங்கக் கையுறை விருது 1957இல் தோன்றியது. 1999இல் ராபேல் பல்மேரோ என்பவர்க்கு முதற்றளக் காவலுக்காக அதனை வழங்கினர். அப்பருவத்தில் அவர் அவ்விடத்தில் நின்றது 28 ஆட்டங்களிலேதான்; மற்றையவற்றிற் பெரும்பாலும் துடுப்பெடுப்பதே அவர் வேலை. துடுப்பின் புகழ் கையுறைக்கு விருது வாங்கித் தந்தது. 2013 முதல் அவ்விருதுத் தெரிவிற் புள்ளிவிபரத்துக்கும் ஒரு பங்கு கொடுத்துள்ளனர்.

புதிய அளவைகளின் நெறியைப் பேரன் எனக்கு இவ்வாறு விளக்கினான். 2015 முதல் அமெரிக்க மைதானங்களிலே பந்தையும் ஆளையும் கருவிகள் தொடர்ந்து நோக்குகின்றன. பந்து வானில் நிற்கும் விநாடி எத்தனை, அதனை அடையக் காவலன் ஓடவேண்டிய தூரம் எத்தனை, முன்னோக்கியா பின்னோக்கியா என்பவற்றைக் கொண்டு, இத்தகைய பந்தை நூறு பேரில் எத்தனை பேர் பிடிப்பர் என்று கணிக்கின்றனர். முப்பது பேரே பிடிக்கத்தக்க பந்தை ஒருவன் பிடித்தால் அவன் கணக்கிற் பத்தில் ஏழு பங்கு வரவு. விட்டால் பத்தில் மூன்று பங்கே செலவு. தொண்ணூறு பேர் பிடிக்கத்தக்கதை விட்டாலோ பத்தில் ஒன்பது பங்கு செலவு. இவ்வாறு பருவமெல்லாம் கூட்டினால், ஒருவன் நடுத்தரக் காவலனிலும் எத்தனை ஆட்டமிழப்புக்களை மிகுதியாய்ப் பெற்றான் என்பது தெரியும். அதனை ஓட்டமாக்கலாம். ஏறத்தாழப் பத்து ஓட்டம் ஒரு வெற்றிக்குச் சமன் என்பது அவர்களுடைய வாய்பாடு. பத்து ஓட்டத்தை அடித்தாலென்ன, தடுத்தாலென்ன என்பதே பையனுடைய வாதத்தின் உயிர்நிலை. நிற்கும் இடத்துக்கும் மதிப்புண்டு. ஒருவகைக் கணக்கில், பருவமொன்றுக்கு மத்தியகளத்தானுக்கு இரண்டரை ஓட்டம் கூட்டி, இடதுகளத்தானுக்கும் வலதுகளத்தானுக்கும் ஏழரை ஓட்டம் கழிப்பர். காவல் கடினமான இடத்தில் நிற்பவனது துடுப்பு சற்று மெலிந்தாலும் பொறுக்கலாம் என்பது கருத்து.

கேட்க இனிமையாய்த்தான் இருந்தது. ஆயினும் தந்தை பக்கத்து மறுப்பையும் யான் தள்ளவில்லை. ஒரே வீரனை ஓரளவை வானளாவப் புகழும், வேறோரளவை நடுத்தரமென்னும். களத்தடுப்பை ஒரு பருவத்தால் அளக்கலாகாது, மூன்று பருவமேனும் வேண்டும் என்று கணக்கறிஞர்களே ஒப்புகின்றனர். மேலும் கால் முதலில் மூப்படையும். கண் பின்னரே மூப்படையும். ஹோம் ரன்னை எண்ணத் தெருவிற் போகும் சிறுவனுக்கும் இயலும். விழாத பந்தை எண்ணக் கருவி வேண்டும், கருவியை நம்பும் மனமும் வேண்டும்.

முன்னோர் வழக்கு என்ன சொல்கிறது? சென் லூயிஸ் அணியார் 1981–82 மாரியிலே கெரி ரெம்பிள்ரன் என்னும் இளைஞரைச் சான் டியாகோவுக்குக் கொடுத்து ஒஸி ஸ்மித்தைப் பெற்றனர். ரெம்பிள்ரன் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் அடிபெறும் துடுப்பினர். ஸ்மித் அதற்கு முந்திய பருவத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டே பெற்றவர். ஆனால் இரண்டாந் தளத்துக்கும் மூன்றாந் தளத்துக்கும் இடைப்பட்ட நிலத்திலே அவர் நின்றால் அங்கே பந்து நுழைய வழியில்லை. அவ்வாண்டே, 1982இல், அவ்வணி உலகத் தொடரை வென்றது. ஸ்மித் 1980 முதல் 1992 வரை பதின்மூன்றாண்டு தொடர்ந்து தங்கக் கையுறை பெற்று, 2002இற் புகழ்மண்டபம் புகுந்தார். வாழ்நாள் முழுவதும் அவர் அடித்த ஹோம் ரன் 28.

இதனிலும் தெளிவான சான்று ரம்பா பே அணியினது. 2007இல் அவ்வணி 66 ஆட்டங்களையே வென்றது. அடித்த ஓட்டம் 782, கொடுத்த ஓட்டம் 944. நவம்பரில் டெல்மன் யங் என்னும் புகழ்பெற்ற இளந்துடுப்பாளர் உள்ளிட்டோரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, ஜேசன் பார்ட்லெற் என்னும் காவலரையும் மற் கார்சா என்னும் எறிவாளரையும் முதன்மையாகப் பெற்றனர். உட்களத்தையும் மாற்றியமைத்தனர். 2008இல் அடித்த ஓட்டம் 774: முன்னையதிலும் எட்டுக் குறைவு. கொடுத்த ஓட்டமோ 671. வெற்றி 97 ஆக உயர்ந்து, உலகத் தொடர்வரை சென்றனர். அவ்வூர்ப் பத்திரிகையாளர் அணியின் மிகு பயனுடைய வீரராய்த் தெரிந்தது ஒரேயொரு ஹோம் ரன் அடித்த பார்ட்லெற்றை! கார்சாவின் எறிவும் பிற எறிவாளரின் முதிர்ச்சியும் அதிற் பங்குடையன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எறிவாளன் எறிவது எண்மர் சூழ நின்றுதானே.

இதனைக் கேட்டுக் களித்த பேரனைச் சற்று அமர்த்தவேண்டியிருந்தது. சியாற்றில் அணியும் இதே வழியிற் சென்றது. 2008இல் 101 தோல்வி கண்டபின், பிராங்கிளின் குற்றியெரஸ் என்னும் அரிய மத்தியகளக் காவலரை வாங்கி, 2009இல் 85 வெற்றி பெற்றது. அந்த மயக்கத்தில் 2010இலும் கையுறையையே நம்பியது. பருவம் முழுவதும் அடித்த ஓட்டம் 513. மீண்டும் 101 தோல்வி. மதில் எத்துணை உயர்ந்ததாயினும் உள்ளே நெல் வேண்டும். கதவடைத்திருப்பவன் பசித்திருந்தால் முற்றுகை வெல்லும் என்பதைப் பாரியின் பறம்பைப் பாடக் கேட்ட நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. பறம்பிலே உணவு இருந்தது.

இனி ரொறன்ரோவின் பேரம் என்னவாயிற்று? 2022இல் அவ்வணி 775 ஓட்டம் அடித்து 679 கொடுத்தது; வெற்றி 92. 2023இல் 746 அடித்து 671 கொடுத்தது, வெற்றி 89. மேற்போக்காய்ப் பார்த்தால், எட்டு ஓட்டம் மிச்சம் பிடிக்க இருபத்தொன்பது ஓட்டத்தை இழந்தனர். பையன் இங்கே ஒரு நுட்பம் காட்டினான். அவ்வாண்டு எறிவாளர்க்கு நேரக்கட்டுப்பாடும், உட்களத்தார் ஒருபுறம் குவிந்து நிற்றற்குத் தடையும், பெரிய தளங்களும் புதிய விதிகளாய் வந்தமையால் அணிகள் பொதுவாக முன்னையிலும் மிகுதியாக ஓட்டம் கொடுத்தன; அச்சூழலிற் குறைத்துக் கொடுத்ததே பெரிதென்றான். ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதே நுட்பம் மற்றப்பக்கமும் வெட்டும்: அணிகள் பொதுவாகக் கூட அடித்த ஆண்டில் இவர்கள் குறைய அடித்தார்கள். கீர்மயர் தங்கக் கையுறை பெற்றார். வார்ஷோ அருமையாய்க் காத்தார், நூற்றுக்கு இருபத்திரண்டு அடிபெற்றார். இறுதிச் சுற்றில் மினசோட்டாவுக்கெதிரே இரண்டு ஆட்டத்திற் சேர்த்து அடித்தது ஒரே ஓட்டம். அதே கூதிரில், கொடுத்தனுப்பப்பட்ட குரியேலும் மொரேனோவும் அரிசோனாவுக்காக உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தனர். போதாக்குறைக்கு, தங்கக் கையுறை ஒன்று மொரேனோவுக்கும் கிடைத்தது. கையுறைக்காகக் கொடுத்ததும் கையுறையே!

என் தீர்ப்பைக் கேட்டார்கள், சொன்னேன். காவலுக்கு மதிப்புண்டு என்பதிற் பேரன் கட்சி வென்றது. இந்தப் பேரத்தில் விலை மிகுந்துவிட்டது என்பதில் தந்தை கட்சி வென்றது. வார்ஷோவின் காவல் மெய். ஆனால் மொரேனோவின் இடம் பந்தேற்பவரிடம், களமனைத்திலும் காவல் மதிப்பு மிக்க இடம் அதுவே என்று பையனுடைய கணக்கே கூறுகிறது. காவலை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு அக்கணக்கை ஒருபுறத்துக்கு மட்டும் போட்டது முகாமையாரின் குறை. பேரன் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு தன் அட்டவணையிலே மொரேனோவையும் சேர்த்து எனக்கு அனுப்பினான்.

2024இல் அணி 88 ஆட்டங்களில் தோற்றுப் பிரிவிற் கடைசியாயிற்று. வார்ஷோவுக்குத் தங்கக் கையுறை கிடைத்தது. டிசம்பரில் முகாமையார் மறுபடியும் கையுறையையே வாங்கினர்: கிளீவ்லாந்திலிருந்து அன்றெஸ் ஹிமெனெஸ், இரண்டாந் தளத்தில் மூன்றாண்டு தொடர்ந்து அவ்விருது பெற்றவர். சூட்டடுப்பு மறுபடியும் கனன்றது. 2025 ஏப்ரல் இறுதியில், தோளிற் சத்திரசிகிச்சை செய்து மீண்ட வார்ஷோ, மத்தியகளத்திற் பின்னோக்கி ஓடுகையிற் கால் வழுக்கி, வீழ்ந்துகொண்டே திரும்பிக் கையை நீட்டிப் பிடித்த பிடியைப் பேரன் எனக்குப் படமாய் அனுப்பினான். தமிழாசிரியர் அறையில் அதனை நால்வர் பார்த்தோம். நால்வருள் மூவர்க்கு ஆட்டமே தெரியாது. நால்வரும் வாய்விட்டுக் கூவினோம். அவ்வாண்டு துடுப்பும் கையுறையும் ஒருங்கே எழ, புளூ ஜேஸ் 94 வெற்றியோடு பிரிவை வென்று, 1993க்குப் பின் முதன்முறையாக உலகத் தொடர் புகுந்தது. எதிரே லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜேர்ஸ். அவ்வணியிலே, அன்று கொடுத்துவிட்ட தெயோஸ்கார் எர்னாண்டஸ்.

ஆறாம் ஆட்டம் முடிந்தது ஹிமெனெஸ் அடித்த பந்திலே. இடதுகளத்திலிருந்து கீக்கே எர்னாண்டஸ் ஓடிவந்து அதனைத் தாழப் பிடித்து, இரண்டாந் தளத்துக்கு எறிந்து, தளம் நீங்கியிருந்த அடிசன் பாஜரையும் ஆட்டமிழக்கச் செய்தார். ஏழாம் ஆட்டம் நவம்பர் முதலாந் திகதி, ரொறன்ரோவில். ஒன்பதாம் முறையின் பிற்பகுதி, நான்குக்கு நான்கு, தளங்கள் மூன்றும் நிரம்பியிருக்க, ஒருவரே ஆட்டமிழந்திருந்தார். ஓர் ஓட்டம் வந்தாற் கோப்பை. துடுப்பெடுத்து நின்றவர் வார்ஷோ. நிலத்தில் உருண்ட அவர் பந்தை மிகேல் றோஹாஸ் தடுமாறிப் பற்றி இல்லத்தளத்துக்கு எறிந்தார். அங்குலக் கணக்கிற் பிந்தினார் ஓடிவந்தவர். றோஹாஸ் துடுப்புக்காகவன்றிக் காவலுக்காகவே பெயர்பெற்ற மூத்த வீரர். அதற்குச் சற்று முன்னே சமநிலைக்குரிய ஹோம் ரன்னை அடித்திருந்தவரும் அவரே.

அடுத்து ஏர்னி கிளெமென்ற் உயர அடித்த பந்து இடதுகளத்துக்கும் மத்தியகளத்துக்கும் நடுவே வேலியை நோக்கிப் போயிற்று. கீக்கே எர்னாண்டஸ் பின்னோக்கி ஓடினார். துடுப்பிலே தளர்ந்தமையால் இருக்கையில் அமர்த்தப்பட்டிருந்து, அந்த முறையிலேதான் காவலுக்கென்று மத்தியகளத்தில் இறக்கப்பட்ட அன்டி பாகெஸ் மறுபுறமிருந்து பாய்ந்து வந்தார். இருவரும் மோதினர், கீக்கே முகங்குப்புற வீழ்ந்தார், பாகெஸ் கையுறையில் பந்து இருந்தது. 2022இல் இதே மைதானத்தில் இருவர் மோதியபோது பந்து நிலத்தில் கிடந்தது.

பதினோராம் முறையில் வில் சிமித் அடித்த ஹோம் ரன்னால் டொட்ஜேர்ஸ் ஐந்துக்கு நான்காய் வென்றது. மறுநாள் செய்திகளின் முகப்பிலே சிமித்தும் றோஹாஸும் துடுப்போடு நின்றனர். பேரன் தன் கையால் எழுதிய மதிப்பேட்டின் படத்தை எனக்கு அனுப்பியிருந்தான். அம்மதிப்பேட்டில் ஒவ்வொரு காவலிடத்துக்கும் ஓரெண் உண்டு, மத்தியகளத்துக்கு எட்டு. ஒன்பதாம் முறையின் கடைசிக் கட்டத்திலே, பாகெஸ் பிடித்த பிடிக்குரிய இடத்தில், ஓரெழுத்தும் ஓரெண்ணும் மட்டுமே இருந்தன: எப் 8.